வயல்காரரை வெளியே நிறுத்திவிட்டு வரைபடம் போடாதீர்கள்

வாசகர் கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில் 15 வார்டு உள்ள ஒரு பேரூராட்சியில் நான் மன்ற உறுப்பினர். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள வயல்கள் ஒவ்வொன்றாகப் பிளாட் ஆகிக்கொண்டிருக்கின்றன. பாசன சங்கத்தாரும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடம் தயாரித்தோம். எங்கே வீடு கட்டலாம், எந்த வயலையும் குளத்தையும் தொடக்கூடாது என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறோம். மன்றத்தில் வைத்தபோது, "இது ஊர் வளர்ச்சியைத் தடுக்கிற வேலை" என்று சொல்லி ஒத்திவைத்துவிட்டார்கள். வெளியே வந்தால் வயல்காரர்களே, "எங்க நிலத்த நாங்க விக்கக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அடுத்த முறை இதை நிறைவேற்ற என்ன செய்ய வேண்டும்? நிறைவேறினால் அந்தத் தீர்மானம் செல்லுமா?

நகரமைப்பு ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால்தான் மற்றது விளங்கும்.

பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு மட்டும் ஒரு வயலை வயலாகவே வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் நிலப்பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று பிரிக்கும் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) அதன்படி தயாரிப்பது உள்ளூர்த் திட்டக் குழுமம். வரைவை வெளியிட அரசு இசைவு தர வேண்டும். பிறகு அறிவிப்பு கொடுத்து, குறைந்தது இரண்டு மாதம் மக்களிடம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் அரசின் ஒப்புதல். ஆகவே "இனி எங்கள் ஊரில் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடையாது" என்று நீங்கள் தீர்மானம் நிறைவேற்றினால், யாராவது ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அது அதிகாரம் இல்லாத தீர்மானம் என்று அடிபட்டுப் போகும். உங்கள் எதிர்த்தரப்புக்கு நீங்களே கொடுக்கும் வெற்றியாக அது முடியும்.

அதற்காகத் தீர்மானம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 1992-இல் வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகள் என்று போட்ட பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் நிற்பவை நகரமைப்பும் நிலப்பயன்பாட்டு ஒழுங்குமுறையும்தான். சர்வே எண் வாரியாக, தேதியோடு, காரணத்தோடு ஒரு மன்றத் தீர்மானம் கோப்பில் இருந்தால், பின்னால் முழுமைத் திட்டம் வரைய உட்காரும் அதிகாரி அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது. நிலப்பயன் மாற்றம் கேட்டு வரும் ஒவ்வொரு மனுவுக்கும் உங்கள் அலுவலகம் எழுதும் குறிப்புக்கு அதுவே ஆதாரம் ஆகும்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் பேரூராட்சி அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் உங்கள் தீர்மானம் உள்ளூர்த் திட்டக் குழுமத்துக்குப் போக வேண்டிய கோரிக்கை. வெளியே என்றால் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-இல் வந்த விதிகளும் பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அதன்படி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு வேளாண்மைத் துறையின் கருத்து, ஆட்சியரின் இசைவு என்று போகும். அப்போது உங்கள் தீர்மானத்தில் இரண்டு கோரிக்கை வேண்டும். எங்களைத் திட்டப் பகுதியில் சேருங்கள் என்பது ஒன்று. அதுவரை இந்தப் பட்டியலை மனதில் வைத்து மனுக்களைப் பாருங்கள் என்பது இன்னொன்று.

சரி, இனி சண்டை விஷயத்துக்கு வருவோம்.

மன்றத்தில் உங்களைத் தடுத்தது தலைவரோ ரியல் எஸ்டேட்காரரோ என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. இருபது சென்ட், முப்பது சென்ட் வயல் வைத்திருக்கும் வாக்காளர்கள் ஒவ்வொரு உறுப்பினரின் வார்டிலும் இருக்கிறார்கள். உறுப்பினர் பயப்படுவது அவர்களுக்குத்தான். அவர்களைக் கேட்காமலேயே அவர்கள் நிலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டீர்கள். நீங்கள் யார் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அந்த வயல்காரரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு உழவு, நாற்று, நடவு ஆள்கூலி, உரம், அறுவடை எந்திர வாடகை எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்தில் மழை பிந்திப் பெய்தால் அதுவும் இல்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. மகன் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கிறான். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் விற்பதற்கு அவரிடம் இருப்பது அந்த வயல் ஒன்றுதான். நெல் போய் வாழை வந்தது, வாழை போய்த் தென்னை வந்தது, தென்னைக்குப் பிறகு புரோக்கர் வந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் யோசித்திருப்பேன்.

ஆனால் அவருக்கும் ஒரு நஷ்டம் நடக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை நாஞ்சில் நாட்டில் எந்தப் பத்தில் (சேர்ந்தாற்போல் கிடக்கும் வயல்பரப்பில்) போய் நின்றாலும் பார்க்கலாம். மேல்மடைப் பக்கம் ஒருவர் விற்கிறார். வாங்கியவர் டிப்பரில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, வரப்பைவிட மூன்றடி உயரத்துக்குப் பாதை போடுகிறார். மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டாயிற்று. பாதைக்கு அடியில், தண்ணீர் போகட்டும் என்று ஓரடிச் சிமென்ட் குழாய் ஒன்றைப் புதைக்கிறார். அதுவும் வயல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. நம் பாசனம் வயலுக்கு வயல் பாய்வது. மேலே உள்ள வயல் நிறைந்து வாய்மடை வழியாகக் கீழ் வயலுக்கு இறங்க வேண்டும். பாதை குறுக்கே வந்ததும் கன்னிப்பூவில் கீழ் வயலுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. ஐப்பசி மழையில் மேல் வயல் தண்ணீர் வடிவதில்லை, நாற்று அழுகுகிறது. இரண்டு பூ அப்படிப் போனால் மூன்றாவதுக்கு அவர் தரிசு போட்டுவிடுவார். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறும். பிறகு "விவசாயமே நடக்காத நிலம்தானே" என்று அதே அடங்கலைக் காட்டி நிலப்பயன் மாற்றம் கேட்பார்கள். ஒருவர் விற்றது சாலையோர விலைக்கு. அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் விற்பது, பாதை இல்லாத, தண்ணீர் இல்லாத நிலத்துக்குக் கிடைக்கிற விலைக்கு.

இதைக் கீழ்மடைக்காரரிடம் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அவர்தான் உங்களுக்கு விளக்குவார். ஆகவே அடுத்த கூட்டத்தை மன்றக் கூடத்தில் வைக்காதீர்கள். மடை மடையாக, குளக்கரையிலேயே வையுங்கள். ஒரு மடைக்குக் கீழ் உள்ள பட்டாதாரர்கள் மட்டும் வரட்டும். புல வரைபடத்தைப் பெரிதாக ஃப்ளெக்ஸில் அடித்து மரத்தில் கட்டுங்கள். வண்ணம் ஒன்றும் வேண்டாம். சர்வே எண், உட்பிரிவு எண், சானல், ஓடை, மறுகால், அந்தப் பத்துக்கு ஊரில் வழங்கும் பெயர், இவ்வளவு போதும். யாரும் முதலில் திட்டத்தைப் பார்க்க மாட்டார்கள். தங்கள் நம்பரைத்தான் தேடுவார்கள். தேடிக் கண்டுபிடித்த பிறகு, "உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது?" என்று கேட்டு ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுங்கள். அவர்கள் வரைந்த கோடுகள்தான் உங்கள் திட்டத்தின் முதல் தாள். தப்பாக எழுதிய உட்பிரிவு எண்களையும் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். ஒரு எண் தப்பாக இருந்தால் போதும், மன்றத்தில் அதைப் பிடித்துக்கொண்டு முழுப் பட்டியலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாலையோர வயல்காரர்கள் சிலர் கண்டிப்பாக மறுப்பார்கள். அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். மனைவிலைக்கும் வயல்விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் பணம் பேரூராட்சியிடம் இல்லை, வேறு யாரும் தரப்போவதும் இல்லை. ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடியவை சில உண்டு. ஏற்கெனவே மூன்று பக்கமும் வீடு வந்து, தண்ணீர் நின்றுபோன வயல் துண்டுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றைக் காப்பாற்றப் போராடி, இருநூறு ஏக்கர் சேர்ந்தாற்போல் கிடக்கும் பத்தை இழக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு வீடு கட்ட இடம் கேட்பவர்களுக்கு நத்தத்தை (ஊர்க் குடியிருப்பு நிலத்தை) ஒட்டிய விளைகளில், அதாவது மேட்டுத் தோட்டங்களில், எங்கே கட்டலாம் என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். சானல் தூர்வாருதல், உடைந்த மடைக்கு ஷட்டர், அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையம், இவற்றுக்கான கோரிக்கையை அதே தீர்மானத்தில் சேருங்கள். விற்காதே என்று மட்டும் சொல்லும் திட்டத்தை எந்த வயல்காரரும் நம்ப மாட்டார்.

நல்லெண்ணத்தில் பல ஊர்கள் விழும் ஒரு சட்டச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனியார் வயலைப் "பூங்கா" என்றோ "திறந்தவெளி ஒதுக்கீடு" என்றோ வரைபடத்தில் காட்டாதீர்கள். திட்டத்தில் பொதுப் பயனுக்கு என்று ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தாவிட்டால், 38-ஆவது பிரிவின்படி அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகிவிடும். உங்கள் பேரூராட்சியால் அந்த வயல்களை விலை கொடுத்து வாங்க முடியாது. பிறகு விடுபட்ட நிலத்தில் மனைப்பிரிவு கேட்டு வழக்கு வரும். அதனால் "வேளாண் பயன்பாட்டு மண்டலம்" என்று மட்டும் கேளுங்கள். அதில் நிலம் உரிமையாளருடையதாகவே இருக்கும், பயிர் செய்வார், விற்கவும் செய்வார். வாங்குபவரும் வயலாகவே வைத்திருக்க வேண்டும். "விற்கவே கூடாது" என்று நீங்கள் சொல்வதாக ஊரில் பேசுகிறார்கள் அல்லவா? அந்தப் பேச்சுக்குப் பதிலும் இதுதான்.

சட்டம் ஏற்கெனவே நம் வயல்களைக் காக்கிறதே, இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று மன்றத்தில் யாராவது கேட்பார்கள். காக்கவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் நெல்வயலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் என்று 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் காவிரி டெல்டாவுக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கன்னியாகுமரி அதில் இல்லை. சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் 2017-இன் மத்திய ஈரநில விதிகள் நெல்வயலையும் பாசனத்துக்காக வெட்டிய குளத்தையும் ஈரநிலம் என்ற வரையறைக்குள் எடுக்கவில்லை. ஆக, நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தனிக் காவல் என்று எதுவும் இல்லை. இருப்பது நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன் வழியாக உங்கள் மன்றம் கேட்டு வாங்கக்கூடிய நிலப்பயன்பாட்டு மண்டலமும்தான்.

இனி உறுப்பினர்கள். 15 பேரில் உங்களுக்கு 8 பேர் வேண்டும். கூட்டத்தில் பேசி யாரையும் மாற்ற முடியாது. ஒவ்வொருவரையும் அவரவர் வார்டில் பார்த்துப் பேச வேண்டும். அங்கே குளம், பறவை, வருங்காலச் சந்ததி என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுக்கு அதில் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்டு உறுப்பினரைக் காலையில் வீட்டு வாசலில் வந்து எழுப்புவது தெருவிளக்கும் சாக்கடையும் தண்ணீரும்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டு ஒரு கணக்கு வாங்குங்கள். கடந்த பத்தாண்டில் எத்தனை மனைப்பிரிவுகளின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சி கைக்கு வந்தன, அவற்றின் மொத்த நீளம் என்ன, அந்தச் சாலைகளில் எத்தனை வீடு கட்டியிருக்கிறார்கள், தெருவிளக்கு, வடிகால், குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவாயிற்று, இன்னும் எவ்வளவு ஆகும்? பல ஊர்களில் நிலைமை என்னவென்றால், ஐம்பது மனை போட்ட இடத்தில் எட்டு வீடு நிற்கும். மிச்சம் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டது. அந்த எட்டு வீட்டுக்காகப் பேரூராட்சி ஐம்பது மனை நீளத்துக்கும் விளக்குப் போட வேண்டும். அதே பணத்தில் பழைய வார்டுத் தெருவில் என்னென்ன வேலை முடித்திருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். வரி வருமானம் கூடுமே என்பார்கள். எட்டு வீட்டு வரியையும் அந்தச் சாலையின் செலவையும் எதிரெதிரே வைத்துக் காட்டுங்கள். எண்கள் உங்கள் பேரூராட்சியின் எண்களாக இருக்க வேண்டும். வேறு ஊர்க் கணக்கு ஒன்றும் எடுபடாது.

அப்புறம் வெள்ளம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த இரவையும், 2021 நவம்பரில் பழையாறும் சானல்களும் உடைத்துக்கொண்டு வந்ததையும் உங்கள் மன்றத்தில் மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். 2021-இல் எந்தெந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று வீடு வீடாகக் கேட்டு, சுவரில் கறை நின்ற உயரத்தை அளந்து, தேதி போட்ட மொபைல் போட்டோக்களைச் சேர்த்து, அதே சர்வே வரைபடத்தில் நீல மையில் குறியுங்கள். நிரப்பிய வயலுக்கும் தண்ணீர் நின்ற தெருவுக்கும் உள்ள உறவு அங்கே தெரியும். தெரியாத இடங்களும் இருக்கும். மழை அளவுக்கு மீறிப் பெய்ததே காரணமாக இருக்கலாம். அதையும் அப்படியே விடுங்கள், எல்லாப் பழியையும் பிளாட் மேல் போட வேண்டாம். ஒரு இடத்தில் மிகைப்படுத்தினாலும் மற்ற இடங்களையும் நம்ப மாட்டார்கள்.

"ஊர் வளரக்கூடாதா?" என்ற கேள்விக்கு உங்கள் வரைபடத்திலேயே பதில் இருக்க வேண்டும். நம் மாவட்டம் 1,684 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100-க்கு மேல். 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்பவர்களாகக் கணக்கில் வருகிறார்கள். சென்னைக்கு அடுத்து நாம்தான். ஆனால் அந்த நகர்ப்புறத்தில் பெரும்பகுதி பேரூராட்சிகள். அவற்றின் எல்லைக்குள்ளேயே வயலும் குளமும் கிடக்கின்றன. ஆகவே நகரம் இங்கே முடிகிறது, வயல் இங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழிக்கும் திட்டம் நமக்குப் பொருந்தாது. மேட்டில் விளை, விளையில் வீடு, பள்ளத்தில் வயல், வயலுக்கு மேலே குளம் என்பதுதான் நம் ஊரின் பழைய ஒழுங்கு. உங்கள் திட்டம் கேட்பதும் அதைத்தான். மேட்டில் கட்டுங்கள், பள்ளத்தை விடுங்கள் என்று சொன்னால் ஊரில் எவருக்கும் புரியும்.

மேட்டில் எத்தனை வீட்டுக்கு இடம் இருக்கிறது என்று எண்ணிக் காட்டுங்கள். பஜாரை ஒட்டிய தெருக்களில் மாடி கட்ட முடிகிற இடங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிப் போட்ட வீடுகள், அனுமதி வாங்கிக் காலியாகக் கிடக்கும் மனைகள், எல்லாம் சேர்த்து. அடுத்த இருபது ஆண்டுக்குத் தேவையான வீட்டுக்கு வயலைத் தொடாமலே இடம் இருக்கிறது என்று வந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்தது. இல்லை என்று வந்தால், எந்த வயலை விடலாம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வீடு தேவைப்படும் ஏழைக் குடும்பத்துக்கு இடம் காட்டாத திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்; உங்கள் மன்றமும் ஆதரிக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் இரண்டு மூன்று குடும்பம் ஒரே வீட்டில் நெருக்கி வாழ்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உள்நாட்டுப் பக்கம் இடம் தேடி வருவது இனியும் நடக்கும். அதற்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

ஏற்கெனவே மனை வாங்கியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நடுத்தரக் குடும்பங்கள் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த மனைகளை முறைப்படுத்திக்கொள்ள 2017-இல் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள். ஆகவே அனுமதி பெற்ற மனைகளும் வரன்முறை ஆன மனைகளும் உங்கள் வரைபடத்தில் குடியிருப்பாகவே இருக்கும் என்று தீர்மானத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எதிர்ப்பில் பெரும்பகுதி அதிலேயே குறைந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயம். எந்த வயல் யாருடையது என்பதை ஊரில் சாதியாகவும் மதமாகவும் படிப்பார்கள். பட்டியலில் உள்ள நிலம் பெரும்பாலும் ஒரே கூட்டத்தாருடையது என்று தோன்றிவிட்டால் திட்டம் அன்றே செத்தது. மன்றத்துக்குப் போகும் முன் கோயில் ஊர்வகையிலும் பங்குப் பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் ஜமாத்திலும் ஒரே வரைபடத்தை ஒரே வாரத்தில் காட்டிவிடுங்கள். ஒரு இடத்தில் காட்டி ஒரு மாதம் கழித்து இன்னொரு இடத்துக்குப் போனால் அதற்குள் கதை வேறாகிவிடும். விளக்குவதற்கும் நீங்கள் மட்டும் போக வேண்டாம். பாசன சங்கத்தார், வியாபாரிகள் சங்கத்தில் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவில் ஒருவர் என்று கலந்து போங்கள். கட்சிக்காரர்களிடமும் அப்படித்தான், தேர்தல் நெருங்கும் நேரத்தில் இதை எந்தக் கட்சியின் திட்டமாகவும் பேச விடாதீர்கள்.

தலைவரை ஓரம் கட்டாதீர்கள். போன முறை அவருக்கு முன்கூட்டித் தெரியாமல் மன்றத்தில் வைத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தின் போக்கிலிருந்து ஊகிக்கிறேன். இந்த முறை அவரே முன்மொழியட்டும். பெயர் அவருக்குப் போகட்டும். செயல் அலுவலரின் அலுவலகக் குறிப்பு மிக முக்கியம். குறிப்பில் "சட்டப்படி பரிசீலிக்கலாம்" என்று இருந்தால் தயங்கும் உறுப்பினரும் கை தூக்குவார். "அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது" என்று இருந்தால் ஆதரவாளரும் பின்வாங்குவார். அதனால் வரைவைச் செயல் அலுவலரிடம் முன்னதாகக் கொடுத்து, அவருக்கு எந்தச் சொல்லில் சங்கடம் என்று கேட்டுத் திருத்துங்கள். மன்றப் பொருளில் சேர்க்கக் கோரும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

வரைவு இப்படி இருக்கலாம்: "அனுமதி பெற்ற மற்றும் வரன்முறைப்படுத்தப்பட்ட மனைகளுக்குப் பாதிப்பின்றி, இணைப்பு ஒன்றில் கண்ட சர்வே எண்களில் உள்ள நஞ்சை நிலங்கள், குளங்கள், சானல்கள், ஓடைகள் ஆகியவற்றை முழுமைத் திட்டத்தில் வேளாண் பயன்பாட்டு மண்டலமாகவும் நீர்நிலைகளாகவும் வகைப்படுத்தக் கோரவும், இணைப்பு இரண்டில் கண்ட மேட்டு நிலங்களைக் குடியிருப்பு விரிவுக்கு உரியவையாகப் பரிந்துரைக்கவும், இணைப்பு ஒன்றில் உள்ள நிலங்களுக்கு நிலப்பயன் மாற்றம் கோரும் மனு வரும்போது நீர் வரத்து, வடிகால் குறித்த தல ஆய்வுடன் மன்றத்தின் பார்வைக்கு வைத்துக் கருத்து அனுப்பவும், இணைப்பு மூன்றில் கண்ட மடை, சானல் பழுதுகளை நீர்வளத் துறைக்குத் தெரிவித்து நடவடிக்கை கோரவும் மன்றம் தீர்மானிக்கிறது." தடை, மறுப்பு, ரத்து என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மன்றத்துக்கு உள்ள அதிகாரத்துக்குள் நின்று எழுதியது.

தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வழியாகக் களியக்காவிளை போகும் நான்கு வழிச்சாலையின் ஓரங்களில் நிலத்தின் விலை எப்படி ஏறியது என்று பார்த்தவர் நீங்கள். இணைப்புச் சாலை எங்கே வருகிறதோ அங்கிருந்துதான் மண்ணடிப்பு தொடங்கும். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். வீடு கட்டுபவருக்கு அது நல்ல வசதி; நான் வரவேற்கிறேன். ஆனால் கட்டிட அனுமதிக் கட்டத்தில் நின்று யோசிக்க நேரம் குறைந்துவிட்டது. எந்த நிலம் மனையாகலாம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இந்தப் பருவத்து அடங்கல் நகல்களையும் இப்போதே வாங்கி வையுங்கள். இன்று கதிர் நின்ற வயல் நாளைக்குத் தரிசு என்று கோப்பில் வந்தால் காட்டுவதற்கு வேண்டும்.

தீர்மானம் நிறைவேறியதும் சான்றிட்ட நகல் வாங்கி, பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், ஆட்சியர், மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், வேளாண்மை இணை இயக்குநர் ஆகியோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. முழுமைத் திட்டம் அதைவிட நீளமாக இழுக்கக்கூடியது. நீங்கள் உறுப்பினராக இல்லாத காலத்திலும் இந்தக் கோப்பைத் தேடி எடுக்க ஊரில் இரண்டு மூன்று பேரிடம் நகல் இருக்கட்டும்.

வரைவு முழுமைத் திட்டம் அறிவிப்பாகி, ஆட்சேபம் கேட்கும் அந்த இரண்டு மாதத்தில் பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுகின்றன. அப்போது எழுதிப் போடுபவர்கள் எல்லாரும் ஆட்சேபிப்பவர்களாகவே இருப்பார்கள். வக்கீல் வைத்து அழகாக டைப் செய்து கொடுப்பார்கள். ஆதரிப்பவர்கள், திட்டம்தான் வந்துவிட்டதே என்று வீட்டில் இருப்பார்கள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு ஊரே எதிர்ப்பதாகத் தெரியும். மடைக் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொரு வயல்காரரும் தன் பெயர், சர்வே எண், "என் நிலம் வேளாண் மண்டலத்தில் இருக்கச் சம்மதம்" என்ற ஒரு வரி, கையெழுத்து, இவ்வளவோடு தனித்தனி மனுவாகக் கொடுக்க வேண்டும். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு மனு கோப்பில் ஒரு மனுதான். திட்டம் ஒப்புதலான பிறகும் தனித்தனி சர்வே எண்ணுக்கு நிலப்பயன் மாற்றம் கேட்டு மனுக்கள் வரும். ஆட்சேபம் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். அதைத் தினமும் பார்க்கும் பொறுப்பைப் பாசன சங்கத்தில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

வரைபடத்தையும் மூன்று இணைப்புகளையும் முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். மன்றத்துக்குப் போகும் முன் சர்வே எண்களையும் வாசகத்தையும் சரிபார்த்துத் தருகிறேன்.